மூன்று டின் எண்ணெய்

2022ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. மார்ச் 2ஆம் நாள் திருநீற்றுப் புதன். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட ஒரு மாலையில் நாம் மளிகைக் கடைக்குச் சென்று, 15 லிட்டர் கொள்ளும் சூரியகாந்தி எண்ணெய் டின்கள் மூன்றை வாங்கிவந்து, பங்கு இல்லத்தின் பின்னறையில் அடுக்கி வைத்தோம். புதன்கிழமை மக்களின் நெற்றியில் சாம்பல் பூசி, நோன்பைப் பற்றி மறையுரை ஆற்றினோம். இவ்விரு செயல்களையும் அருகருகே வைத்துப் பார்க்க அன்று எமக்குத் தோன்றவில்லை.

“இனிமேல் கப்பல் வராதாம் சாமி. இன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்” என்று கடைக்காரர் சொன்னது பொய்யன்று. நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. அதில் சூரியகாந்தி எண்ணெயைப் பெரும்பாலும் அனுப்பி வந்தவை, போரில் மோதிக்கொண்ட அதே இரு நாடுகள்தாம். கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. எம் ஊர்க் கடையில் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் விலை ஏறியது. பாமாயிலுக்கு மாறலாம் என்று பலர் எண்ணியிருந்த வேளையில், ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா அதன் ஏற்றுமதியை நிறுத்தியது. மே மாதத்தில் சமையல் எரிவாயு உருளையின் விலை 1,000 ரூபாயைத் தாண்டியது. எங்கோ வெடித்த குண்டு எம் ஊர் அடுப்படி வரை வந்துவிட்டது.

பங்கு இல்லத்தில் உண்பவர் மூவர். மாதத்துக்கு மூன்று லிட்டர் போதும். நாம் வாங்கி வைத்ததோ பதினைந்து மாதத்துக்கான எண்ணெய்! தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், கோவில் வாசலில் வடை சுட்டு விற்கும் அம்மாவைக் காணவில்லை. கணவனை இழந்தவர், இரு பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். விசாரித்தபோது, “கடையில் ஆளுக்கு ஒரு லிட்டர்தான் தருகிறார்கள் சாமி. அதை வைத்து எப்படிக் கடை போடுவது?” என்றார். எம் பின்னறை நினைவுக்கு வந்தது. ஒன்றும் பேசாமல் திரும்பினோம்.

அன்றிரவு எம் தாயை நினைத்துக்கொண்டோம். 1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது நாம் குருமடத்தில் மெய்யியல் பயின்றுகொண்டிருந்தோம். எம் அண்ணன் குவைத்தில் வேலை பார்த்தார். மாதந்தோறும் வந்த பணம் நின்றது; கடிதமும் நின்றது. அங்கிருந்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைப் போல அவரும் ஜோர்டான் நாட்டு அம்மான் நகரை அடைந்து, விமானத்தில் பம்பாய் வந்து, ஒரே ஒரு பையோடு வீடு சேர்ந்தார். அந்த மாதங்களில் வீட்டைத் தாங்கியது இரண்டு மண்பானைகள். உலை வைக்கும்போதெல்லாம் தாய் இரண்டு பிடி அரிசியை எடுத்து வைப்பார். ஒரு பிடி கோவில் பானைக்கு, ஒரு பிடி வீட்டுப் பானைக்கு. போர் வந்த பிறகு அவர் கடைக்கு ஓடவில்லை. ஓடுவதற்குக் கையில் பணமும் இல்லை என்பது வேறு. கம்மலை அடகு வைத்து மற்றச் செலவுகளைச் சமாளித்தார். (மறு ஆண்டு, அந்நியச் செலாவணி வறண்டு, நாடே ஏறத்தாழ 47 டன் பொன்னை அயல்நாட்டு வங்கிகளிடம் அடகு வைத்தது.) பக்கத்து வீட்டு மகனும் குவைத்தில்தான் இருந்தார். வீட்டுப் பானையிலிருந்து அந்த வீட்டுக்கும் அரிசி போனது.

சேமித்து வைப்பது குற்றமா? தொடக்க நூலில் யோசேப்பு ஐந்தில் ஒரு பங்கைச் சேமித்து வைக்கச் சொல்கிறார். விடுதலைப் பயண நூலிலோ, மறுநாளைக்கென்று எடுத்து வைத்த மன்னா புழுத்துப் போகிறது. குருமடத்தில் இதைப் பற்றி நீளமாக விவாதித்திருக்கிறோம். எண்ணெய் டின்னின் அருகில் நின்றபோதுதான் ஓரளவு விளங்கியது. யோசேப்பு சேர்த்தது ஏழு ஆண்டுச் செழிப்பின்போது. அப்போது எடுத்து வைத்தது யாருடைய கலயத்திலிருந்தும் குறையவில்லை. எம் தாயின் பிடி அரிசியும் அப்படியே. நாம் வாங்கியதோ, பண்டம் குறையப் போகிறது என்று தெரிந்த பின்பு. ஆயினும் யோசேப்பின் கதை அத்துடன் முடியவில்லை. 47ஆம் அதிகாரத்தில் அவர் அத்தானியத்தைப் பஞ்சத்தில் அடிபட்ட மக்களுக்கு விற்று, அவர்கள் பணத்தையும் கால்நடைகளையும் இறுதியில் நிலத்தையும் பார்வோனுக்கு வாங்கிக் கொடுக்கிறார். அந்த அதிகாரத்தை நாம் ஒருமுறையும் மறையுரைக்கு எடுத்ததில்லை.

மறுநாள் காலையில் இரண்டு டின்களை அந்த அம்மாவின் வீட்டில் இறக்கச் செய்தோம். அவர் டின்னைத் தொடவில்லை. சற்று நேரம் நின்று, “பழைய விலைக்கா சாமி, புது விலைக்கா?” என்று கேட்டார்.

“வாங்கிய விலைக்குத்தான் அம்மா” என்றோம். எம் குரல் எமக்கே கேட்கவில்லை. வாரம் ஒரு தொகையாகப் பணத்தைக் கொடுத்து முடித்தார்.

அதன் பிறகு அன்பியக் கூட்டங்களில் பெண்களிடம் இதைப் பேசிவருகிறோம். உண்மையில் அவர்களிடம் கற்றுக்கொண்டதே மிகுதி. விலை இயல்பாக இருக்கும் மாதங்களில் கால் கிலோ, அரைக் கிலோவாகக் கூட்டி வாங்கி, மூன்று வாரத்துக்கு வேண்டியது எப்போதும் வீட்டில் இருக்கும்படி செய்துகொள்கிறார்கள். புதிதைப் பின்னே வைத்துப் பழையதை முதலில் எடுக்கிறார்கள். துவரம்பருப்பில் சிறிது ஆமணக்கெண்ணெய் தடவி வெயிலில் காயவைத்தால் வண்டு அண்டாது என்றார் ஒரு பாட்டி. அரிசிக்கு வேப்பிலையும் வசம்பும். நியாயவிலைக் கடைப் பருப்பையும் பாமாயிலையும் மாதம் தவறாமல் வாங்கிவிட வேண்டும் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேற்றுமையே இல்லை. வட்டிக்குக் கடன் வாங்கிச் சரக்குச் சேர்க்காதீர்கள் என்று மட்டும் நாம் சொன்னோம். விலை இறங்கும், வட்டி இறங்காது.

மூன்றாம் டின் பங்கு இல்லத்திலேயே இருந்தது. பாதிக்கு மேல் தீர்வதற்குள் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கிவிட்டது. சமையற்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே அதைத் தூக்கிச் சென்று, கோவில் கதவுகளின் கீல்களுக்கு விட்டார்.