மூடிய கதவு

என் அக்காள் மகள் பதினேழு வயதாகியும் பூப்பெய்தவில்லை. சோதனைகள் முடிந்தபின் மருத்துவர் அக்காளையும் என்னையும் மட்டும் உள்ளே அழைத்துக் கதவை மூடினார். உடல் பெண்ணுடல், குரோமோசோமோ எக்ஸ்-ஒய், கருப்பை இல்லை. ஆண் ஹார்மோனை உடல் ஏற்காதபோது இவ்வாறு அமைவதுண்டு என்றார். “பிள்ளையிடம் சொல்லாதீர்கள், ஒடிந்துபோவாள்” என்றும் எச்சரித்தார். இசைந்தோம். அதை அன்பென்றே எண்ணினோம்.

நான்கு ஆண்டுகள் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் மாலை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள், தலைநிமிராமல், “சித்தி, எனக்குப் புற்றுநோய்தானே? எவ்வளவு நாள் இருப்பேன்?” என்றாள். எங்கள் மௌனத்திலிருந்து அவள் கண்டறிந்த நோய் அது! அன்றிரவே எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள்; ஆனால் அழுகைக்கு முன் ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. அதை நான் மறக்கமாட்டேன்.

பல நாட்டு வல்லுநர்கள் 2005-இல் சிகாகோவில் கூடி, 2006-இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகையோருக்கு உளநலப் பராமரிப்பு சிகிச்சையின் பிரிக்கவொண்ணாப் பகுதி என்கிறது. 2019-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, இடைப்பால் குழந்தைகளுக்குப் பாலின அறுவை சிகிச்சை கூடாதெனப் பணித்தது. உயிராபத்து நேரும் நிலை தவிர, தமிழக அரசும் அவ்வாண்டே தடைவிதித்தது. கத்தியைத் தடுக்க ஆணை பிறந்தது நன்று. அருகமர்ந்து பேச ஆள் வேண்டுமே!

இப்போதெல்லாம் மருத்துவரைக் காண அவள் மட்டுமே உள்ளே செல்கிறாள், கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு. நான் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறேன்.