பல்லக்கு போகும் வழி

திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிக்குடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம். ஏழூர் என்று எங்கள் பக்கத்தில் சொன்னால் இந்த ஏழுதான், இதே வரிசையில்தான். பல்லக்கு போகிற வரிசை அது. பங்குனிப் புனர்பூசத்தில் திருமழபாடியில் நந்திக்கும் சுயசாம்பிகைக்கும் கல்யாணம். சித்திரை விசாகத்தன்று ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் கண்ணாடிப் பல்லக்கிலும், புதுமணத் தம்பதி வெட்டிவேர்ப் பல்லக்கிலும் ஏறி, கல்யாணத்துக்கு உதவிய ஊர்களைப் பார்க்கப் புறப்படுகிறார்கள். பழனம் பழம் கொடுத்தது, சோற்றுத்துறை சோறு போட்டது, வேதிக்குடி வேதியரை அனுப்பியது, கண்டியூர் நகை தந்தது, பூந்துருத்தி பூ, நெய்த்தானமாகிய தில்லைஸ்தானம் நெய். ஒவ்வோர் ஊரின் பல்லக்கும் எதிர்கொண்டு அழைத்து, பிறகு தானும் சேர்ந்துகொள்ளும். மறுநாள் ஏழு பல்லக்காகத் திருவையாறு வந்து சேரும்.

கோயில்களைப் பற்றி எழுதுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். என் கவலை வழியைப் பற்றியது. கோயிலுக்கு ஆதீனம் இருக்கிறது, அறநிலையத் துறை இருக்கிறது, கும்பாபிஷேகம் நடக்கிறது. வழிக்கு யாரும் இல்லை. கொஞ்ச தூரம் நெடுஞ்சாலை, கொஞ்ச தூரம் ஊராட்சித் தெரு, கொஞ்ச தூரம் வாய்க்கால் கரை, மிச்சம் ஆற்று மணல். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அலுவலகம். முழு வழியையும் தம்முடையது என்று வைத்துக்கொள்பவை அந்தப் பல்லக்குகள் மட்டும்தான்.

இந்தச் சுற்றை மின்சார சைக்கிளில் ஒரு பகலில் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பங்குனியில் ஒரு கூட்டத்தோடு நானும் சேர்ந்துகொண்டேன். சென்னைக் குடும்பம் ஒன்று, புதுச்சேரியிலிருந்து வந்த ஓர் ஆசிரியத் தம்பதி. வழிகாட்டிய தம்பிக்குத் திருப்பூந்துருத்தி. அவருடைய தாத்தா சீர்பாதம் தாங்கியவர். பல்லக்குத் தண்டு அழுத்தித் தோளில் காய்த்துப்போன இடத்தைப் பேரனுக்குத் தொட்டுக் காட்டியிருக்கிறார்.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிதித்தால் மோட்டார் கூட வரும், மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட வண்டி என்பதால் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். வெயிலில் மிதிக்க அஞ்சுகிற அறுபது வயதுக்காரரும் இதில் ஊர் சுற்ற முடிகிறது. சத்தம் கிடையாது. வாய்க்கால் மதகில் தண்ணீர் விழுவதும், வாழைத் தோப்புக்குள் யாரோ யாரையோ அதட்டுவதும் காதில் விழுகின்றன. ஏழூர் வழிக்கு இதைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை என்பேன்.

திருவையாற்றுத் தெற்கு வாசலில் ஆட்கொண்டார் முன்னால் உள்ள குழியில் ஆளுக்கொரு பிடி குங்கிலியம் போட்டுவிட்டுக் கிளம்பினோம். திருப்பழனம் வரை கும்பகோணம் சாலை. பேருந்தும் லாரியும் முதுகில் மூச்சு விட்டுக்கொண்டே வந்தன. தம்பி எங்களை ஒருவர் பின் ஒருவராக வரச் சொல்லி, தான் கடைசியில் வந்தார். பழனத்துக்குப் பக்கத்தில்தான் திங்களூர். நவக்கிரகத் தலம் என்று கார்கள் அங்கே வரிசை கட்டுகின்றன. எங்களுக்கு அது அப்பூதி அடிகளின் ஊர். கண்ணால் பார்த்தறியாத நாவுக்கரசர் பெயரில் அவர் தண்ணீர்ப் பந்தல் வைத்தார் என்பது பெரியபுராணம். ஏழூர்த் திருவிழாவில் வழியெல்லாம் நீர்மோரும் பானகமும் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறவர்களை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அப்பூதியின் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை என்றே எனக்குத் தோன்றும்.

பழனத்திலிருந்து தெற்கே ஆற்றில் இறங்க வேண்டும். முதலில் காவிரி, அப்புறம் குடமுருட்டி. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பது. இடையில் ஆறு நடைபாதை. ஏழூர்த் திருவிழா சித்திரையில் வருவதால்தான் பல்லக்குகளால் ஆற்றுக்குள் நடக்க முடிகிறது. தண்ணீர் ஓடும் மாதங்களில் சைக்கிள்காரர்கள் பாலம் தேடிச் சுற்றித்தான் போக வேண்டும். நாங்கள் இறங்கித் தள்ளினோம். பேட்டரி வைத்த வண்டி கனம். மணலில் சக்கரம் புதைந்தது.

திருச்சோற்றுத்துறையிலும் திருவேதிக்குடியிலும் சைக்கிள் தன் சுகத்தைக் காட்டிவிட்டது. இரண்டு பக்கமும் வாழை, நடுநடுவே வெற்றிலைக் கொடிக்கால், ஒரு மாட்டுவண்டி அகலத்துக்குத் தார். சம்பா அறுப்புக்கு முன்பே ஈரத்தில் தெளித்த உளுந்து அப்போது அறுவடையாகி, செடியோடு ரோட்டில் பரப்பியிருந்தது. சென்னைப் பெண் ஒதுங்கிப் போகப் பார்த்தாள். “ஒதுங்காதீங்க, அதுமேலயே விடுங்க. அவங்களுக்கு அதுதான் வேணும்” என்றார் தம்பி. சக்கரத்துக்கு அடியில் காய்ந்த நெற்று படபடவென்று உடைந்தது. ஓரத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா, “கார் ஏறினா பருப்பு நசுங்கிடும் தம்பி, உங்க வண்டிதான் பதம்” என்றார்.

கண்டியூர் அட்டவீரட்டானங்களில் ஒன்று. சிவன் பிரமனின் தலையைக் கொய்த தலம். அதே கோயிலில் பிரமனுக்கும் சரஸ்வதிக்கும் சன்னதி வைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். தண்டித்தவனே தன் வீட்டில் இடம் கொடுத்த பெருந்தன்மை அது.

கண்டியூர், திருப்பூந்துருத்திப் பக்கத்து வயல்களை வெட்டிக்கொண்டு திருவையாற்றுப் புறவழிச்சாலை போகிறது. சில ஆண்டுகளுக்கு முன், பயிர் நின்ற வயலில் மண்ணைக் கொட்டி மூடியபோது விவசாயிகள் வயலுக்குள் இறங்கி நின்று மறித்தார்கள். திருவையாற்றுத் தெருக்கள் குறுகியவை, பெரிய வண்டிகள் வெளியே போகட்டும் என்கிற நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் 2020-இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டோம். எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குக் கதவடைத்த அந்தச் சட்டம் சாலைகளுக்கு வழிவிட்டிருக்கிறது. நஞ்சைக்கு நடுவே ஆளுயரத்துக்கு மண் மேடு எழும்பினால் அதன் இரண்டு பக்கமும் தண்ணீர் வேறு மாதிரி நடந்துகொள்ளும். வடிகால் அடைபட்டால் ஐப்பசி மழையில் எந்த வயல் முழுகும் என்பது ஊரில் நாலு பேரைக் கேட்டால் தெரிந்திருக்கும். கேட்டிருக்க வேண்டும். அதுபோலவே, பல்லக்கு இந்தப் பக்கம்தான் போகும், சுமப்பவர்கள் தோளில் தண்டோடு மேடு ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்பதையும் யாராவது வரைபடத்தில் குறித்திருக்க வேண்டும்.

திருப்பூந்துருத்தியில் அப்பர் மடம் அமைத்துத் தங்கினார். பல்லக்கில் வந்த சம்பந்தர், ‘அப்பர் எங்கே’ என்று கேட்க, ‘உங்கள் பல்லக்கைத் தாங்கி வருகிறேன்’ என்று அவர் கீழேயிருந்து சொன்னதாகக் கதை. சீர்பாதம் தாங்கிகளுக்கு இதைவிடப் பெரிய முன்னோர் யார் இருக்க முடியும்? கிருஷ்ணலீலா தரங்கிணி பாடிய நாராயண தீர்த்தரின் சமாதியும் இந்த ஊரில்தான். ஆனால் நான் இங்கே நிற்கவில்லை. பூந்துருத்திக்கும் தில்லைஸ்தானத்துக்கும் நடுவே உள்ள ஆறு என்னை இழுத்துக்கொண்டிருந்தது. என் பிள்ளைப் பிராயம் தில்லைஸ்தானக் கரையில் கழிந்தது.

சித்திரை விசாகம் கழிந்த மறுநாள் மாலையில் ஊரே ஆற்றில் இறங்கிவிடும். புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு வந்து, மணலில் ஜமக்காளம் விரித்து, கிழவர்களுக்குத் தலைக்கு மணலையே குவித்துத் தலையணை ஆக்குவோம். பகலெல்லாம் சுட்ட மணல் இருட்டியதும் மேலே ஆறிவிடும், விரலை உள்ளே விட்டால் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு வேலை உண்டு, ஊற்றுத் தோண்டுவது. முழங்கை ஆழத்துக்குக் கையாலேயே பறிப்போம். முதலில் ஈர மணல், பிறகு அடியில் கலங்கலாக ஒரு கசிவு. அதை உள்ளங்கையால் இறைத்துக் கொட்டிவிட்டு, கரை சரியாமல் அணைத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால், கொஞ்ச நேரத்தில் மணல் துகள்கள் ஒவ்வொன்றாக அடங்கி, தண்ணீர் தெளிந்து, கண் போலத் திறக்கும். அந்தத் தண்ணீரைத்தான் சொம்பில் மொண்டு, களைத்து வருகிற சீர்பாதக்காரர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். “யார் வீட்டுப் புள்ளடா நீ?” என்று கேட்டுக்கொண்டே அண்ணாந்து குடிப்பார்கள். வேர்வையும் விபூதியும் அவர்கள் மார்பில் குழைந்திருக்கும்.

தென்கரையில் முதலில் நாயனச் சத்தம் கேட்கும். அப்புறம் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் தெரியும். கரைச் சரிவில் பல்லக்கு இறங்குகிற இடம்தான் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிற இடம். முன்னால் தாங்குகிறவர்கள் தண்டைத் தலைக்கு மேல் தூக்க, பின்னால் இருப்பவர்கள் ஏறக்குறைய உட்கார்ந்த வாக்கில் நகர்வார்கள். சுவாமி சாய மாட்டார். சமதளத்துக்கு வந்ததும் மணலில் ஓட்டம். கண்ணாடிப் பல்லக்கில் விளக்கொளி நூறாக உடையும். அது கடந்ததும் வெட்டிவேர் வாசனை வரும்; நந்தி வருகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். பின்னாலேயே மற்ற ஊர்ப் பல்லக்குகள். ஆற்றின் நடுவில் வாணவேடிக்கை. வெடி வெளிச்சத்தில் பல்லக்குகள் ஒரு நொடி பகல்போல நின்று மறுபடி இருட்டில் மறையும். ஒருமுறை எங்கள் பாட்டி, நடக்க முடியாதவள், மணலில் உட்கார்ந்தபடியே கை கூப்பி அழுதாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டதற்கு, “அவரே நடந்து என்கிட்ட வர்றாரேடா” என்றாள்.

அந்த இடத்தில் இப்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினோம். நாணலும் சீமைக்கருவேலமும் ஆற்றைப் பாதிக்கு மேல் பிடித்திருக்கின்றன. மணல் போய்விட்டது, மாட்டுவண்டியில் கொஞ்சம், லாரியில் நிறைய. கருவேலங்களுக்கு நடுவே மணல் எடுத்த பள்ளங்கள். தண்ணீர் திறந்துவிட்ட மாதத்தில் அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று குளிக்க இறங்குகிறவருக்குத் தெரியாது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் மதகுகள் இடிந்து விழுந்தபோது கொள்ளிடத்தில் மணல் அள்ளியதைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். ஆசிரியர் கேட்டார் என்று ஓர் இடத்தில் ஊற்றுப் பறித்துக் காட்டினேன். ஒரு சாணுக்குக் கீழே கையில் களி தட்டியது. கசிந்த தண்ணீர் சாம்பல் நிறத்தில் அப்படியே நின்றது, தெளியவில்லை. “எங்க தாத்தா இந்தத் தண்ணியைத்தான் குடிச்சேன்னு சொல்வாருங்க அண்ணே” என்றார் தம்பி.

தில்லைஸ்தானக் கோயில் கல்வெட்டு ஒன்றில் ஆதித்த சோழனும் சேரன் தாணு ரவியும் சேர்ந்து விக்கியண்ணன் என்பவருக்குத் தந்த வரிசைகள் சொல்லப்படுகின்றன. 9-ஆம் நூற்றாண்டுச் செய்தி. யானை நிரை, செம்பியன் தமிழவேள் என்ற பட்டம், கூடவே ஒரு சிவிகை. பல்லக்குத்தான். எங்கள் ஊர்க் கல்லில் பல்லக்கு ஏறி ஆயிரம் ஆண்டுக்கு மேலாகிறது என்று சென்னைப் பெண்ணிடம் சொன்னபோது அவள் சுவரருகே போய் வெகுநேரம் எழுத்துகளைத் தேடினாள். தியாகராஜரின் சீடர் ராம ஐயங்கார் வாழ்ந்த ஊரும் இதுவே. அக்ரகாரத்தில் திண்ணை வைத்த வீடுகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. அவற்றில் இரண்டையாவது எடுத்துச் செப்பனிட்டு, இப்படிச் சுற்றி வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டால் ஊர்ப் பெண்கள் சிலருக்கு வருமானம் வரும். எங்கள் மதியச் சாப்பாடு தஞ்சாவூர் ஓட்டலிலிருந்து பொட்டலமாக வந்தது. சோற்றுத்துறை என்ற ஊரைக் கடந்து வந்து ஓட்டல் பொட்டலம் பிரிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. தம்பியிடம் சொன்னேன், முதலாளியிடம் பேசுவதாகச் சொன்னார்.

திருவையாற்றில் அசோகா வாங்கிச் சாப்பிட்டு, தேரடியில் வண்டிகளை ஒப்படைத்தோம். ஏழு பல்லக்கும் வந்து நிற்க, பொம்மை ஒன்று சுவாமிக்குப் பூப்போடுகிற இடம் அதுதான். பூப்போட்டு முடிந்ததும் அந்தந்தப் பல்லக்கு அதனதன் ஊருக்குத் திரும்பும். தென்கரைப் பல்லக்குகளுக்கு மறுபடி ஆறு.

அடுத்த சித்திரைக்கு முன் மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடியது இது. பழனத்துத் துறையிலும் தில்லைஸ்தானத்துத் துறையிலும் பல்லக்கு இறங்கும் அகலத்துக்குக் கருவேலத்தை வேரோடு எடுத்து, பள்ளங்களை மூடி, கரைச் சரிவைச் செப்பனிட வேண்டும். அந்த இரண்டு துறைகளிலும் இனி ஒரு கூடை மணல்கூட அள்ளக் கூடாது என்று பலகை வைத்து, இரவில் ஆள் போட வேண்டும். ஏழு ஊர் எல்லையிலும் ஒரே மாதிரி ஒரு கல் நட்டு, அடுத்த ஊர் எந்தப் பக்கம் என்று அதில் வெட்ட வேண்டும். கல்லில் என்ன எழுதலாம் என்று தம்பி ஏற்கெனவே தன் போனில் குறித்து வைத்திருக்கிறார்.