பரங்குன்றத்தில் ஒரு க்ளிக்!

முகூர்த்த நாள்ல திருப்பரங்குன்றம் போயிருக்கீங்களா பாஸ்? மதுரையிலிருந்து சுமார் 8 கி.மீ.தான். முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த தலமாச்சே... பார்க்கிற இடமெல்லாம் மாலையும் கழுத்துமா ஜோடிகள். எந்த மாப்பிள்ளைக்கு எந்தப் பொண்ணுன்னு நமக்கே குழம்பும்!

தை மாசம் எங்க அக்கா கல்யாணமும் அங்கேதான். தாலி கட்டினதும், 'இப்படித் திரும்புங்க, அப்படிச் சிரிங்க'ன்னு வெளியில ஜோடியை மட்டுமே ஒரு மணி நேரம் எடுத்தாங்க. ஓரமா உட்கார்ந்திருந்த அப்பத்தாகிட்ட, 'உங்களைக் கடைசியா எடுக்கலாம்'னோம். கால் வலி தாங்காம அவங்க கிளம்பிட்டாங்க. ஆல்பம் வந்ததும், "நான் எங்கடா நிக்கிறேன்?"னு பக்கம் பக்கமா தேடினாங்க பாருங்க... பதில் சொல்ல முடியலை.

அதனால உங்க வீட்டு விசேஷத்துக்கு மூணு விஷயம்.

கோயில்களில் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் ஐகோர்ட் உத்தரவு போட்டிருக்கு. கேமராவுக்கு எதுவரை அனுமதின்னு கோயில் ஆபீஸ்ல முன்னாடியே கேட்டுடுங்க.

கோயில் வடக்குப் பார்த்தது. தை மாசத்துல சூரியன் தெற்கே சாய்ஞ்சிருக்கும். கோபுரம் பின்னணியில நின்னா முகம் இருட்டடிக்கும். காலையிலேயே, லேசா கிழக்கே திரும்பி நில்லுங்க.

யார் யாரோட நிக்கணும்னு லிஸ்ட் போட்டு, கூப்பிட்டு வர ஒரு தம்பியை நிறுத்துங்க. பெரியவங்க முதல்ல, ஜோடி கடைசியில!

அடுத்து சித்தப்பா மகன் கல்யாணம், அதே சந்நிதியில. லிஸ்ட் என் பாக்கெட்ல ரெடி. முதல் பேர்... அப்பத்தா!