பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை

2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் கொழும்பிலிருந்து ஒரு வாடகை வானில் புறப்பட்டோம். நானும் மனைவியும், பதினான்கு வயதான எங்கள் மகனும், ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த அக்காவும் அவருடைய மகனும். நல்லூர்த் திருவிழாவுக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. புறப்படுவதற்கு முதல்நாள் இரவு அக்கா என்னைத் தனியே அழைத்து, "தம்பி, பரந்தனாலை முல்லைத்தீவுக்குப் போட்டு, பிறகு யாழ்ப்பாணம் போவமே?" என்று கேட்டார். பதினைந்து ஆண்டுகளாக அந்தப் பெயர்களை அவர் என்னிடம் உச்சரித்ததில்லை. சரி என்றேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கிறேன். ஏ-9 வீதியில் எத்தனை தடவை போய்வந்தேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் அந்தப் பயணங்கள் எல்லாவற்றிலும் சட்டைப் பையில் குறிப்புப் புத்தகம் இருந்தது. மனைவி மக்களுடன், போத்தலில் தண்ணீரும் பெட்டியில் இடியப்பமும் கட்டிக்கொண்டு, உல்லாசமாக அந்த வீதியில் போனதில்லை. வவுனியா தாண்டியதும் மகன் கேட்டான்: "அப்பா, வன்னியிலை பார்க்க என்ன இருக்கு?"

அவனுக்கு அந்தக் கேள்வி எழுந்ததற்குக் காரணம் மருமகன்தான். கனடாவில் அவர்கள் ஒரு கோடை விடுமுறைக்குத் தகப்பன்வழி உறவினர்களுடன் கார் எடுத்துக்கொண்டு மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடி, அமெரிக்காவின் மேற்குப் பாலைவனங்களையும் மலைகளையும் பார்த்து வந்திருக்கிறார்கள். மதவாச்சியிலிருந்தே கைத்தொலைபேசியில் படம் காட்டிக்கொண்டு வந்தான். செங்கல் நிறத்தில் பாறைகள், கிராண்ட் கன்யனின் பள்ளம், முடிவே தெரியாத நேர்வீதி. "நாள் முழுக்க ஓடினாலும் ஒரு சனத்தையும் காணமாட்டாய்" என்றான். "சனமே இல்லாத இடத்தை ஏன் மச்சான் போய்ப் பார்க்கிறது?" என்று மகன் கேட்டதற்கு அவன் சற்று யோசித்து, "அதுக்காகத்தான்" என்றான்.

வன்னியில் மலை இல்லை. பாலைவனமும் இல்லை. ஓகஸ்ட் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ அப்படி ஒரு தோற்றம் வரும். மாரிமழை ஓய்ந்து மாதக்கணக்காகியிருக்கும். சோளகக் காற்று புழுதியை வாரி வீதியின் குறுக்கே போடும். குளங்கள் வற்றி நடுவில் ஒரு தட்டளவு தண்ணீர் மிஞ்சியிருக்க, அதைச் சுற்றிக் கொக்குகள் நிற்கும். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த காலத்தில், பாலைக்கென்று தனியாக நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரத்தை வைத்து எங்களுக்கு விளக்கினார்கள். பாலையின் உரிப்பொருள் பிரிவு என்பதையும் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். முல்லைத்தீவு என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு மாவட்டத்துக்குப் போகும் வழியில் அது நினைவுக்கு வந்தது. மகனிடம் சொல்லவில்லை, அவனுக்குத் தமிழ்ப் பாடமே போதுமான தண்டனை.

ஓமந்தைக்கு அப்பால் ஓரிடத்தில் பாலைப்பழம் விற்றார்கள். பருவம் முடியும் தறுவாய். மஞ்சள் நிறத்தில் சின்னஞ்சிறு பழங்கள். தின்றால் பால் உதட்டில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். மருமகன் கை நிறைய அள்ளித் தின்றுவிட்டு வாயைத் திறக்க முடியாமல் சிரித்தான். "இது எனக்குத் தெரியும் மாமா" என்றான். 2009 இல் அவனுக்கு எட்டு வயது. அவனுக்கு வேறென்ன தெரியும் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

முறிகண்டியில் வான் தானாகவே நின்றது போலிருந்தது. பிள்ளையாரைக் கடந்து போகும் எந்த வாகனமும் அங்கே நின்றுதான் போகும். அங்கேயே தேங்காய் வாங்கி, அங்கேயே அடித்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறவேண்டும். அக்கா கச்சான்காரப் பெண்ணிடம், "இப்ப கடதாசியிலை சுத்தித் தாறதில்லையோ?" என்று கேட்டார். "இல்லை அம்மா, எல்லாம் பைதான்" என்றார் அந்தப் பெண். அக்கா அந்தப் பையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

கிளிநொச்சியில் அவர்களுடைய வீடு உருத்திரபுரத்தில் இருந்தது. இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாயும் இடம். 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 திறந்த பிறகு, அடுத்த வருடம் நான் செய்தி சேகரிக்கப் போனபோது மூன்று நாள் அந்த வீட்டில் தங்கினேன். ஓமந்தையில் இராணுவத்திடம் ஒரு சோதனை, புளியங்குளத்தில் இயக்கத்திடம் இன்னொன்று என்று அரைநாள் வெயிலில் காய்ந்து போய்ச் சேர்ந்த எனக்கு, அத்தான் வாய்க்காலில் முழுகக் கூட்டிப்போனார். அவர் ஆசிரியர். குளத்து மீன் குழம்பும் குத்தரிசிச் சோறும் போட்டு, "கொழும்பிலை இருந்து எழுதுறியள், இஞ்சை வந்து இருந்து எழுதுங்கோவன்" என்று பகிடி பண்ணினார். இப்போது அந்தக் காணியை உறவினர் ஒருவர் செய்கிறார். ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, வாய்க்கால் பாயும் வயல்களில் மட்டும் சிறுபோக நெல் மஞ்சளாகி நின்றது. வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். "திரும்பி வரேக்கை பார்ப்பம்" என்றார் அக்கா.

பரந்தன் சந்தியில், ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடா செய்த பழைய இரசாயனத் தொழிற்சாலையைப் பற்றி மகனுக்கு நான் தொடங்கிய விரிவுரை பாதியிலேயே நின்றது. வான் வலதுபக்கம் திரும்பிற்று. அந்த வீதிதான் ஏ-35. முல்லைத்தீவு வரை ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. நல்ல தார்வீதி. ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்றார் சாரதி.

"எங்களுக்கு அஞ்சு மாதம் எடுத்தது" என்றார் அக்கா.

அதை அவர் சாரதிக்குச் சொன்ன பதிலாகத்தான் சொன்னார். ஆனால் வானுக்குள் எல்லோரும் மௌனமானோம். அதன் பிறகு வந்த ஒவ்வோர் ஊருக்கும் அவர் ஒரு மாதத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். 2008 செப்ரெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, போகவேண்டாம் என்று அலுவலக வாசலில் நின்று மன்றாடிய சனத்துக்குள் அத்தானும் நின்றிருக்கிறார். டிசம்பரில் உழவு இயந்திரப் பெட்டியில் கூரைத் தகரம், கதவு, யன்னல், நெல்மூட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தர்மபுரம். 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்தபோது விசுவமடு. அங்கே கதவுகளை விட்டார்கள். ஜனவரி பிற்பகுதியில், அரசாங்கம் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த சுதந்திரபுரம். வலயத்துக்குள்ளேயே செல் விழுந்தது. அங்கே உழவு இயந்திரத்தை விட்டார்கள். பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு. பிறகு கடற்கரை ஓரமாக இரண்டாவது வலயம்.

"எந்தப் பக்கத்தாலை வெளிக்கிடுறதெண்டு ஒவ்வொரு இரவும் கதைப்பம். முன்னாலை போனால் ஆமி சுடும். வெளிக்கிட்டால் இவங்கள் சுடுவாங்கள். பக்கத்துப் பங்கர்ப் பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள், பதினாறு வயது" என்றார். அவருடைய குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இருக்கவில்லை. வெளியே தென்னை, பனை, தகரக் கூரை போட்ட புதுவீடுகள், சைக்கிளில் பிள்ளைகள், மறுபடியும் பனை.

உடையார்கட்டைத் தாண்டும்போதுதான் அக்கா என் பக்கம் திரும்பி அதைக் கேட்டார்.

"தம்பி, நீ போட்ட எழுபதாயிரத்துக்குள்ளை நாங்கள் இருந்தனாங்களோ, இல்லையோ?"

வாசகர்களுக்கு இதை விளக்கவேண்டும். 2009 பெப்ரவரியில், போர்ப் பகுதிக்குள் இருக்கும் பொதுமக்கள் ஏறத்தாழ 70,000 பேர் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. ஐ.நா. இரண்டரை இலட்சம் என்றது. போர் முடிந்தபின் முகாம்களுக்குள் இருந்தவர்கள் 280,000 பேருக்கு மேல். குறைத்த எண்ணால் என்ன நடந்தது என்பதை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் எழுதிற்று: அரசாங்கம் எண்ணிக்கையை வேண்டுமென்றே குறைத்துச் சொன்னது, அதனால் உள்ளே போன உணவும் மருந்தும் குறைந்தன என்று. இயக்கம் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும், தப்ப முயன்றவர்களைச் சுட்டதையும் அதே அறிக்கை சொல்கிறது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வேறொரு கணக்கை வைத்தார். கச்சேரிப் பதிவுகளின்படி 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். வெளியே வந்தவர்கள் 282,380 பேர். மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

அந்த நாட்களில் நான் கொழும்பில் ஒரு பத்திரிகையின் செய்திப் பிரிவில் இருந்தேன். எந்தப் பத்திரிகை என்பது இங்கு முக்கியமில்லை. பிழை பத்திரிகையுடையது அன்று. 70,000 என்ற எண்ணை முதற்பக்கச் செய்தியில், "அரசாங்கம் தெரிவித்துள்ளது" என்ற வழமையான வாலுடன், என் கையால் இட்டேன். நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட கச்சேரிக் கணக்கு என் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது. வன்னிக் கச்சேரியில் வேலைபார்த்த ஒருவர் தொலைபேசியில் சொன்னது. அதை அடுத்த வரியில் சேர்த்திருக்கலாம். ஒரே ஒரு வரி. லசந்த விக்கிரமதுங்க ஜனவரி 8 ஆம் திகதி கொழும்பில் பட்டப்பகலில் கொல்லப்பட்டு ஒரு மாதமும் ஆகியிருக்கவில்லை. பயந்தேன். என் மகன் அப்போது பிறக்கவும் இல்லை. அவனைச் சாக்காகச் சொல்லவும் வழியில்லை.

அந்தத் தாள் அக்காவின் கைக்கு எப்படி வந்தது? செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் யாரோ சவர்க்காரம் சுற்றிக் கொடுத்த கடதாசி. முட்கம்பிக்குள் வாசிக்க வேறு எதுவும் இல்லாததால் விளம்பரம் உட்பட முழுவதையும் வாசித்திருக்கிறார். நான் எந்தப் பத்திரிகையில் வேலைபார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். அதை எட்டாக மடித்துப் பையில் வைத்திருந்து, கனடாவுக்குப் போகும்போதுதான் எறிந்தாராம். முகாமுக்கு நான் பலமுறை பார்க்கப் போனேன். பால்மா, உடுப்பு, செருப்பு எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதெல்லாம் அந்தக் கடதாசி அந்தப் பைக்குள் இருந்திருக்கிறது.

"தெரிஞ்சுதான் போட்டனான் அக்கா" என்றேன்.

"அது தெரியும். நாங்கள் உள்ளை இருந்தனாங்களோ எண்டுதான் கேட்டனான்."

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பின் இருக்கையில் மகன் கைத்தொலைபேசியை அணைத்துவிட்டிருந்தான்.

புதுக்குடியிருப்புக்கு அப்பால் முதன்மை வீதியை விட்டு, கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் துண்டுக்குப் போனோம். வலைஞர்மடம். அத்தான் 2009 ஏப்ரல் கடைசியில் அங்கே செத்தார். கஞ்சிக்கு வரிசையில் நின்றவர். அக்காவும் மகனும் மற்றொரு குடும்பமுமாகப் பங்கருக்குப் பக்கத்திலேயே கிடங்கு வெட்டிப் புதைத்திருக்கிறார்கள். அடையாளத்துக்குக் கிட்ட மூன்று பனை, அதில் ஒன்று தலையில்லாதது. நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடினோம். தலையில்லாத பனைகள் வேறு இடங்களிலும் நின்றன. மூன்றாகச் சேர்ந்து நிற்பவை நிறைய. வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவர், என்ன தேடுகிறோம் என்று கேட்கவில்லை. இருக்க ஒரு கதிரை கொண்டுவந்து அக்காவுக்குப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். இப்படி வருபவர்கள் அவருக்குப் புதிதாக இருக்கமாட்டார்கள்.

மருமகன்தான் கடைசியில் ஓரிடத்தில் நின்றான். "இதாய் இருக்கும் அம்மா" என்றான். அவனுக்கு உண்மையில் தெரிந்ததா, தாயை வெயிலிலிருந்து எழுப்பவேண்டும் என்று சொன்னானா, நான் அறியேன். அக்கா அதைக் கேள்விக்குட்படுத்தவில்லை. முறிகண்டிக் கச்சான் பையைப் பிரித்து ஒரு கை அள்ளி மணலில் வைத்தார். அத்தானுக்கு எப்போதும் முறிகண்டிக் கச்சான் வேண்டுமாம். பூவோ சூடமோ நாங்கள் கொண்டுபோகவில்லை. மருமகன் ஒரு படமும் எடுக்கவில்லை.

பிறகு முள்ளிவாய்க்காலையும் வட்டுவாகல் பாலத்தையும் கடந்தோம். 2009 மே நடுப்பகுதியில் பல்லாயிரக்கணக்கானோர் கையை உயர்த்திக்கொண்டு நடந்து வந்த ஒடுங்கிய பாலம். அக்கா மகனைக் கையில் பிடித்துக்கொண்டு, தோளில் ஒரு பையுடன் அதில் வந்திருக்கிறார். நீரேரி பின்வாங்கி, காய்ந்த சேற்றில் வெடிப்பு விழுந்திருந்தது. "இது நான் காட்டின படம் மாதிரி இருக்கு" என்று மருமகன் என் மகனிடம் வெடிப்பைக் காட்டினான். பாலத்தில் ஏறியபோது சாரதி தானாகவே மெதுவாக ஓட்டினார். அக்கா, "நிப்பாட்ட வேண்டாம் தம்பி, போவம்" என்றார்.

முள்ளியவளையில் உறவினர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. பிந்திப்போனதால் மீன்குழம்பு ஆறிவிட்டிருந்தது. அக்கா இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டார். மகன் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டு, "மாமி, திரும்பியும் அந்த றோட்டாலையோ போறது?" என்று கேட்டான்.

"இல்லையப்பன். மாங்குளம் றோட்டாலை போவம். உருத்திரபுரத்திலை வீட்டைப் பார்க்க வேணும்."