உம்மாவின் வலது தோள்

சென்ற ஆண்டு நோன்புக்கு முந்தைய வாரம் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார் என் உம்மா. வலது தோள் எலும்பு சிதறிவிட்டது. எழுபதைக் கடந்தவர், ஒட்டவைக்க இயலாதெனக் கூறி மருத்துவர் செயற்கை மூட்டுப் பொருத்தினார். நமக்கெல்லாம் தோளில் பந்து கையோடும், கிண்ணம் தோள்பட்டையோடும் அமைந்திருக்கின்றன. உம்மாவுக்கு அதைத் தலைகீழாக மாற்றி வைத்தார்கள். பிரான்சு நாட்டு மருத்துவர் பால் கிராமோன் 1985இல் உருவாக்கிய முறை இது. பழுதுற்ற உள்தசைகளின் வேலையைத் தோளின் மேலுள்ள பெரிய தசை ஏற்றுக்கொள்கிறது.

வீடு திரும்பியதும் விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றுக்கே முதல் பயிற்சி. பின்னர் ஊசல் பயிற்சி. இடக்கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலக்கையைக் கிணற்றுக் கயிறு போலத் தொங்கவிட வேண்டும். கையை நாம் ஆட்டலாகாது; உடல் அசைய, அது தானே ஆட வேண்டும். நாளைக்கு மூன்று வேளை என்றார்கள். நானோ ஆறு வேளையாக்கினேன்! சீக்கிரம் குணமாகட்டுமே என்ற பேராசைதான். இரவெல்லாம் தோள் வலியில் உம்மா முனகியது என்னால் வந்த வினை.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றுண்டு. நோயாளியின் தொழுகைச் சட்டத்தை ஆண்டுதோறும் மதரஸாவில் நடத்துபவள் நான். இயலாதவர் அமர்ந்து சைகையால் தொழலாம் என்பதைச் சிறுமிகளுக்கு மனனமாக்கியிருக்கிறேன். உம்மாவிடம் மட்டும் அழுத்திச் சொல்லவில்லை. மூன்றாம் வாரம், ஸுப்ஹு நேரம், கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் ஸஜ்தா செய்திருக்கிறார். எழும்போது இரு கைகளையும் ஊன்றிவிட்டார். அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

எக்ஸ்ரேயில் மூட்டு விலகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். கையை ஊன்றி எழுவதும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதும் இம்மூட்டைக் கழற்றிவிடக்கூடும் என மருத்துவர் கடிந்துகொண்டார். உங்கள் வீட்டில் இத்தகையவர் இருப்பின், நாற்காலியிலிருந்து எழும்போதும் கவனியுங்கள். சட்டை அணிகையில் நோயுற்ற கை முதலில் நுழையட்டும்; கழற்றுகையில் கடைசியாக வரட்டும். படுக்கையில் முழங்கை பின்னால் சரியாதபடி அடியில் ஒரு தலையணை வையுங்கள். பயிற்சியின் அளவை, என்னைப் போல் நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள்.

"நெத்தி தரையில படாம என்ன தொழுகைமா?" என்று அன்று அழுத உம்மா, இப்போது நாற்காலியில் தொழுகிறார். தக்பீருக்கு இடக்கை தோள்வரை உயர்கிறது. வலக்கை சற்றுத் தாழ்ந்தே நிற்கிறது. இன்னும் உயர்த்துங்கள் என்று நான் சொல்வதில்லை.