தாங்கத் தெரிந்தவனின் வேகம்



பிள்ளைகளே, பட்டாசு ஆலை வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் சாயங்கால நேரத்தில், அச்சங்குளம் சுற்றுவட்டாரத்தில் நீங்கள் செல்போனோடு கூட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். உங்களில் சிலர் ஆடுவது போக்கிமான் சண்டை. பொழுதைக் கெடுக்கிறீர்கள் என்று வீட்டில் திட்டுவார்கள். நான் திட்ட வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என் பேரன் இந்த ஆட்டத்தை எனக்கு விளக்கிச் சொன்னபோது அதில் நல்ல கணக்கு இருப்பதைக் கண்டேன். கணக்கைவிடப் பெரிய ஒரு பாடமும் அதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஜப்பானில் சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சத்தோஷி தஜிரி என்பவரின் மனதில் உருவான ஆட்டம் இது. 1996 பிப்ரவரி 27 அன்று வெளிவந்தது. 2009 முதல் இதற்கு உலகப் போட்டியே நடக்கிறது. ஓர் அணிக்குப் போக்கிமான் என்ற கற்பனை விலங்குகள் ஆறு. ஒவ்வொன்றுக்கும் உயிர், தாக்குதல், சிறப்புத் தாக்குதல், தற்காப்பு, வேகம் போன்ற குணங்களுக்குத் தனித்தனிப் புள்ளிகள். அந்த ஆறில் ஒன்றை, அடி வாங்கிய மறுநொடியே திருப்பி அடிக்கும் ஆளாகச் சிலர் தயார் செய்து வைப்பார்கள். என் பேரன் அப்படித் தயார் செய்தது லூகாரியோவை.

“தாத்தா, இது மொதல்ல அடிக்காது. வாங்கிட்டுத்தான் அடிக்கும். ஆனா ரெண்டு மடங்கா அடிக்கும்” என்றான்.

அதை எப்படிச் செய்தான் என்பதைக் கவனியுங்கள். ஸ்கார்லெட், வயலட் என்ற போக்கிமான் ஆட்டங்களில் ஒரு போக்கிமானுக்குப் பயிற்சிப் புள்ளிகள் மொத்தம் 510தான். ஒரு குணத்துக்கு அதிகபட்சம் 252. பேரன் தாக்குதலுக்கு 252, வேகத்துக்கு 252 போட்டான். மிச்சத்தில் 4 புள்ளியை உயிருக்கு வைத்தான். தற்காப்புக்கு ஒன்றுமே இல்லை. “எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் போட்டால் என்ன?” என்று கேட்டேன். எதிலும் தேறாது என்றான். கரிசல் காட்டில் தூறல் விழுந்தால் மேல்மண் மட்டும் நனையும், விதை முளைக்காது. உழைப்பும் அப்படித்தான். பத்து வேலையைத் தொட்டுவிட்டுப் போகிறவனை விட, இரண்டு வேலையில் ஊறி நிற்கிறவனைத்தான் நாலு பேர் தேடி வருவார்கள்.

அடுத்தது சுபாவம். ‘ஜாலி’ சுபாவமுள்ள லூகாரியோவுக்கு வேகம் பத்து சதவீதம் ஏறும். சிறப்புத் தாக்குதல் பத்து சதவீதம் இறங்கும். 50ஆம் லெவலில் 142 ஆக இருக்கும் வேகம் 156 ஆகிறது. தனக்கு உதவாத ஒரு பலத்தை விட்டுக்கொடுத்து, உதவும் பலத்தை வாங்கிக்கொள்கிறது. எதையும் விட்டுக்கொடுக்காமல் எல்லாவற்றையும் அடைந்த மனிதரை என் வயதுக்கு நான் பார்த்ததில்லை.

இவ்வளவு செய்தும் லூகாரியோ எல்லாரையும் முந்திவிடுவதில்லை. அதே லெவலில், அதே பயிற்சியோடும் சுபாவத்தோடும் வரும் கார்சோம்ப் என்ற போக்கிமானின் வேகம் 169. நம்மைவிட வேகமானவன் எந்தத் தொழிலிலும், எந்தத் தெருவிலும் இருப்பான். அவன் முதல் அடியை அடிக்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பேரன் லூகாரியோவின் கையில் ‘ஃபோக்கஸ் சேஷ்’ என்ற பட்டையைக் கொடுத்து வைத்திருந்தான். உயிர் முழுசாக இருக்கும் நிலையில் எவ்வளவு பெரிய அடி விழுந்தாலும் ஒரு புள்ளி உயிரை அந்தப் பட்டை காப்பாற்றிக் கொடுக்கும். அன்றைக்கு எதிரே நின்ற கார்சோம்ப், நிலநடுக்கத் தாக்குதலை ஏவியது. லூகாரியோவின் உயிர் 146. போனது 145. மிஞ்சியது ஒன்று. உடனே ‘கவுன்ட்டர்’ என்ற எதிரடி விழுந்தது. வாங்கிய 145, இரண்டு மடங்காகி 290 ஆகத் திரும்பிப் போனது. உயிருக்குப் பயிற்சி கொடுக்காத கார்சோம்ப்பின் உயிர் 183தான். அந்த இடத்திலேயே சாய்ந்தது.

அந்த ஒற்றைப் புள்ளியை நினைத்துப் பாருங்கள். ஆட்டத்தை வென்றது அதுதான். வாழ்க்கையிலும் பல வெற்றிகள், எல்லாம் போய்விட்டது என்று ஊர் நினைக்கும்போது மிஞ்சியிருக்கும் அந்த ஒரு புள்ளியிலிருந்துதான் எழுந்து வருகின்றன.

என்னிடம் படித்த ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தவறினாள். அப்பாவும் அம்மாவும் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். “இனி நீயும் வேலைக்குத்தான்” என்று உறவினர்கள் பேசினார்கள். அவள் யாரோடும் வாதாடவில்லை. மறுநாள் காலையிலேயே கணக்குப் புத்தகத்தோடு என் வீட்டு வாசலில் நின்றாள். மற்றப் பாடங்களைப் பற்றி மூச்சு விடவில்லை. துணைத் தேர்வுக்கு அந்த ஒரு பாடத்தை மட்டும் படித்தாள். தேறி, அந்த வருஷமே கல்லூரியில் சேர்ந்தாள். இன்றைக்கு ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். பேசியவர்களுக்கு அவள் சொன்ன பதில் அதுதான். வேகமான எதிரடி என்பது நாக்கிலிருந்து வருவதில்லை. ஆயத்தத்திலிருந்து வருகிறது.

இந்தத் தந்திரத்துக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. இரண்டையும் மனதில் வையுங்கள்.

ஒன்று, உயிர் முழுசாக இருந்தால்தான் சேஷ் காப்பாற்றும். களத்தில் எதிரி கூர்கற்களைத் தூவி வைத்திருந்தால், உள்ளே காலை வைத்ததும் விழும் சின்னக் கீறல் போதும். சேஷ் பயனற்றுப் போகும். பெரிய அடிக்குத் தயாராக நிற்கிறவன் சின்னச் சின்ன இழப்புகளில் தன்னைக் கரைத்துக்கொள்ளக் கூடாது. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது, கைக்காசு மொத்தத்தையும் ஒரே நாளில் செலவழிப்பது, சம்பள நாளில் டாஸ்மாக் வாசலில் நிற்பது எல்லாம் அந்தக் கூர்கற்கள்தான். அந்த நேரத்தில் வலிக்காது. பெரிய சோதனை வரும் நாளில்தான், தாங்குவதற்குப் பலமில்லை என்று தெரியும்.

மற்றொன்று, கவுன்ட்டர் உடல்வலுத் தாக்குதலை மட்டுமே திருப்பிக் கொடுக்கும். சிறப்புத் தாக்குதலுக்கு அது செல்லாது. அதற்கு ‘மிரர் கோட்’ என்ற வேறு வித்தை வேண்டும். எதிரி அடிக்காமல் சும்மா நின்றால் கவுன்ட்டர் வீணாகிவிடும். எந்த அடிக்கு எந்தப் பதில், எதற்குப் பதிலே வேண்டாம் என்று தெரிந்து வைத்திருப்பது பாதி வெற்றி. கோபக்காரன் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருப்பான். அதனால் அவனை ஏமாற்றுவது எளிது.

யார் முந்தி அடிப்பது என்ற முறை பற்றியும் ஒரு வார்த்தை. கவுன்ட்டர் அந்தச் சுற்றில் ஏறக்குறையக் கடைசியாகவே விழும். அடுத்த சுற்றில் அதே லூகாரியோ ‘எக்ஸ்ட்ரீம் ஸ்பீட்’ என்ற தாக்குதலால், தன்னைவிட வேகமானவனையும் முந்தி அடித்துவிடும். பிந்த வேண்டிய நேரத்தில் பிந்தி, முந்த வேண்டிய நேரத்தில் முந்துகிறது. காலம் அறிவது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

தாங்கும் பலத்துக்கு அந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே நல்ல சாட்சி உண்டு. 2014இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் செஜுன் பார்க், பாச்சிரிசு என்ற சின்ன அணில் போக்கிமானைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டு வந்தார். பலமில்லாதது என்று எல்லாரும் ஒதுக்கி வைத்த ஒன்று அது. கூட்டாளி மேல் விழ வேண்டிய அடிகளை ‘ஃபாலோ மீ’ என்ற வித்தையால் தன் மேல் இழுத்துக்கொண்டு நின்றது. அது தாங்கிய நேரத்தில் கூட்டாளிகள் திருப்பி அடித்தார்கள். பார்க் உலகச் சாம்பியன் ஆனார். குடும்பத்தில் ஒருவர் வேகமாக மேலே ஏறினால், அவருக்கு விழ வேண்டிய அடியை வேறொருவர் வாங்கிக்கொண்டிருப்பார். உங்களில் பலருக்கு அது அம்மாவாக இருக்கும். அதை மறக்காதீர்கள்.

நம் சென்னைப் பையன் குகேஷையும் எண்ணிப் பாருங்கள். 2024இல் சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரனோடு நடந்த உலகச் சதுரங்கப் போட்டியில், வெள்ளைக் காய்களோடு ஆடிய முதல் ஆட்டத்திலேயே தோற்றார். பதறவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் சமன் செய்தார். டிசம்பர் 12 அன்று நடந்த பதினான்காவது ஆட்டம் டிராவில்தான் முடியும் என்று பலரும் எண்ணியிருக்க, விடாமல் நகர்த்திக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்த்தலில் டிங் தவறியதும் அதைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை வென்றார். 18 வயதில் உலகச் சாம்பியன். மணிக்கணக்கில் காத்திருந்தவரால்தான் நொடியில் பிடிக்க முடிந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, நம் மண்ணின் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. மழை பொய்த்த இந்தப் பூமியில் 1920-களில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். பயிரை வாட்டிய அதே வெயில் தீக்குச்சியைக் காயவைத்தது. வறட்சிக்கு இந்த மண் கொடுத்த எதிரடி அது. பிறகு பட்டாசு வந்தது; லட்சக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிந்தது. ஆனால் அந்தத் தொழில் வாங்கிய உயிர்களையும் நாம் அறிவோம். 2021 பிப்ரவரி 12 அன்று நம் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 20 பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள். அந்த முகங்களை இங்கே யாரும் மறக்கவில்லை.

எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் கை வேகமாக ஓடத்தான் பார்க்கும். தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் விரட்டும். ஆனால் வெடிமருந்துக்கு உராய்வு ஆகாது. அவசரக் கை அதை அறியாது. செல்போனில் லூகாரியோவுக்கு ஒரு புள்ளி உயிர் மிஞ்சும், தோற்றால் மறுபடி ஆடலாம். மருந்து ரூமில் நமக்கு சேஷ் கிடையாது. மறு ஆட்டமும் கிடையாது.

பொறுமை வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தவன் நான். இன்றும் சொல்கிறேன். பசியைப் பொறுத்துக்கொள்ளுங்கள், ஏளனத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், தோல்வியைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் உட்கார வேண்டிய ரூமில் ஐந்தாவது ஆளை உட்காரச் சொன்னால் அதை மட்டும் பொறுத்துக்கொள்ளாதீர்கள். கலந்த மருந்து மிச்சமிருக்கிறது, நாளைக்கு ஓட்டிக்கொள்ளலாம் என்றால் தலையாட்டாதீர்கள். அந்த இடத்தில் எழுந்து வெளியே வருவதுதான் வேகமான எதிரடி. ஒரு நாள் கூலி போனால் போகட்டும். மறுநாள் காலையில் வேலைக்குப் போக உயிர் இருக்க வேண்டும்.