ஸ்பிளிட்: சக்கரவர்த்தி ஓய்வெடுத்த துறைமுகம்

ஏட்ரியாட்டிக் கடலின் கீழ்க்கரையில், குரோஷியா தேசத்து டல்மேஷியப் பிரதேசத்தில் அமைந்துள்ள ஸ்பிளிட் நகரத்தைப் பிரயாணிகளிற் பலர் தீவுகளுக்குக் கப்பலேறும் துறையாக மட்டுமே கருதி, காலையில் வந்திறங்கி மாலைக்குள் புறப்பட்டுவிடுகிறார்கள். தீவுகளைக் காணும் ஆவல் நியாயமானதே; எனினும் இந்நகரத்தை அறியாமல் அவற்றுக்குப் போகிறவர், பாயிரத்தைத் தள்ளிவிட்டு நூலைப் படிக்கத் தொடங்குபவரையே ஒப்பர்.

ரோமாபுரியின் சிம்மாசனத்தை மரணமோ சதியோ பறிப்பதற்கு முன், கி.பி. 305-ஆம் ஆண்டில் தாமாகவே துறந்த டயோக்ளீஷியன் சக்கரவர்த்தி, தமது அந்திய காலத்தைக் கழிப்பதற்கென்று ஜன்மபூமியை அடுத்த இக்கரையில் ஒரு மாளிகையை எழுப்பினார். மீண்டும் ஆட்சியை ஏற்குமாறு வேண்டியவர்களிடம், தம் கையால் பயிரிட்ட காய்கறிகளின் அருமையைச் சொல்லி அவர் மறுத்துவிட்டதாகப் பழைய சரித்திரம் கூறுகிறது. ஏறத்தாழ 215 மீட்டர் நீளமும் 180 மீட்டர் அகலமும் கொண்ட அம்மாளிகைக்கு எதிரேயுள்ள பிராச் தீவு வெண்கல்லை அளித்தது. எகிப்து ஸ்பிங்ஸ் சிலைகளை அளித்தது. 7-ஆம் நூற்றாண்டில் அண்டை நகரமாகிய சலோனா அழிந்தபோது, அதன் குடிகள் இம்மதில்களுக்குள் அடைக்கலம் புகுந்தனர். அன்று முதல் அரண்மனையே ஊராகி, அதன் நடைகள் தெருக்களாகவும் அறைகள் இல்லங்களாகவும் மாறின. கிறிஸ்தவர்களை வதைத்த அச்சக்கரவர்த்தியின் சமாதி மண்டபமே, அவர் ஆட்சியில் உயிர்த்தியாகம் செய்த தோம்னியுஸ் என்னும் ஆயரின் பேராலயமாக இன்று வழிபடப்படுவதைக் காண்போர், காலத்தின் நீதியை எண்ணி வியவாதிரார். யுனெஸ்கோ 1979-இல் இந்த அரண்மனை ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

தென்மதிலை ஒட்டி ரிவா என்னும் கடற்கரை வீதியும், கீழ்வாயிலுக்கு வெளியே காய்கறிச் சந்தையும், மேற்கே கந்தக ஊற்றுக்கு அருகில் மீன் அங்காடியும் உள்ளன. அங்கிருந்து சற்றே நடந்து, பைன் மரங்கள் அடர்ந்த 178 மீட்டர் உயர மார்யான் குன்றின் மீது ஏறினால், ஷோல்டாவும் பிராச்சும் அவற்றுக்கு அப்பாலுள்ள தீவுகளும் கண்முன் விரியும். பிரயாணத் திட்டத்தை வகுப்பதற்கு இதனினும் தகுந்த இடம் கிடைப்பது அரிது.

பிராச் தீவின் சுபெடார் துறையை ஃபெர்ரி ஒரு மணி நேரத்துக்குள் அடைந்துவிடும். தீவின் தென்கரையில் போல் என்ற ஊரையடுத்து, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்பத் தன் முனையின் வடிவை மாற்றிக்கொள்ளும் கூழாங்கல் கரை ஒன்று கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. ஹ்வார் தீவுக்கு வாகனத்துடன் செல்வோர் ஸ்டாரிகிராத் துறையில் இறங்குவர்; அதை அடுத்து, கி.மு. 384-இல் பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் கல்வரப்பிட்டுப் பங்கிட்ட நிலங்களில் திராட்சையும் ஒலிவமும் இன்றும் விளைகின்றன. தொலைவிலுள்ள விஸ் தீவோ, யுகோஸ்லாவிய ராணுவத்தின் தளமாயிருந்தமையால் 1989 வரை அந்நியர் நுழைய இயலாதிருந்தது. அந்தத் தடையின் பயனாகவே பெரும் விடுதிகளின் ஆரவாரம் அதனை அணுகவில்லை.

ஒரு வார அவகாசமுள்ளவர் இம்மூன்றில் இரண்டைத் தேர்ந்துகொள்வதே விவேகம். ஒவ்வொரு தீவும் ஏறவும் இறங்கவும் காத்திருக்கவும் அரை நாளைக் கேட்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயிலும் ஜனநெருக்கமும் மிகுதி; ஜூன் மாதமும், கடல்நீரில் கோடையின் வெப்பம் எஞ்சியிருக்கும் செப்டம்பரும் உசிதமானவை. 2023 முதல் குரோஷியா ஷெங்கன் வட்டத்திலும் யூரோ நாணயத்திலும் சேர்ந்துவிட்டபடியால், இத்தாலியிலிருந்து வருவோர்க்கும் தனி விசாவோ பணமாற்றமோ வேண்டியதில்லை.

வடகிழக்கிலிருந்து புரா என்னும் வறண்ட காற்றும், தென்கிழக்கிலிருந்து யூகோ என்னும் ஈரக்காற்றும் எழும்போது விரைவுப் படகுகள் நின்றுவிடுவதுண்டு. ஆகையால், தாயகம் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவைத் தீவில் வைத்துக்கொள்ளாமல் ஸ்பிளிட்டிலேயே தங்குவதற்கு ஒதுக்குபவர், கவலையினின்று நீங்குவதோடு, வந்த அன்று விட்டுவிட்ட அரண்மனைத் தெருக்களையும் ஆற அமரப் பார்த்துவிடலாம்.